வராத கேமை முடித்தவள்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்காவது எழுதி வைத்திருந்தால்தான் நம்புவார். யாழ்ப்பாணத்துக்காரர், மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. பட்டியலில் இல்லாத ஒன்றை அவர் பெண்டாட்டியே கண்ணால் பார்த்திருந்தாலும் அது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஈப்போவில் வளர்ந்தவள். பதினாறு வயதில், டிவியில் மாட்டி ஆடும் கன்சோல்களுக்கு முப்பரிமாணம் வந்த புதிதில், ஒரு கேமை முதலிலிருந்து கடைசிவரை விளையாடி முடித்தேன். வந்த புதிதில் எப்படி இருக்கும் தெரியுமா? மனிதர்களுக்கு விரல் கிடையாது, முக்கோணங்களை ஒட்டிவைத்த மாதிரி ஒரு கை. தூரத்து மலையை வரைய இயந்திரத்துக்குத் தெம்பு போதாது, அதனால் எந்நேரமும் மூடுபனி. இருந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தியதும் அந்த உலகம் முழுக்க என்னைச் சுற்றித் திரும்பியபோது நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதைய பத்திரிகைகளில் இனி வரப்போகிற கேம்களுக்கென்று சில பக்கங்கள் இருக்கும். நானும் என் தோழிகளும் அவற்றைத்தான் முதலில் திருப்புவோம். அதில் பார்த்த ஒரு கடல் சாகசக் கேம், அடுத்த வாரமே பசார் மாலாமில், அதாவது வாரம் ஒருமுறை எங்கள் தெருவில் கூடும் இரவுச் சந்தையில், பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்க்காகத் தொங்கியது. வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். உள்ளே எல்லாம் ஜப்பானிய எழுத்து. ஒன்றுமே புரியாது. வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே பழகிக்கொண்டேன். மேலிருந்து மூன்றாவது வரி, ஆடியது வரைக்கும் சேமிக்கும். கடைசி வரியைத் தொட்டால் எல்லாம் போச்சு.

கல்யாணமாகி வெளிநாட்டில் குடியேறிய பிறகு, கிளென் ஈடன் வீட்டில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. அது இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில். வீட்டுக்காரர் உடனே போனை எடுத்துத் தேடினார்.

"இஞ்சை பாரும்," என்று காட்டினார். "வரும் எண்டு அறிவிச்சிருக்கிறாங்கள். பிறகு கைவிட்டிட்டாங்கள். இந்த கேம் வரவே இல்லை."

"நான் விளையாடினேன் லா. முடிச்சேன்."

"வராத கேமை என்னண்டு முடிக்கிறது?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நான் அந்த கேமை ஆடிய வருடங்களில் அவர் ஊரில் போர், மின்சாரமே கிடையாது. கேம்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் பட்டியல்களில் படித்தது. ஆனால் அதோடு விட்டாரா? போகிற வீட்டில் எல்லாம், "என்ர மனிசி வராத கேமையே முடிச்சவ," என்று ஆரம்பித்துவிடுவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன், உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மகள் கேட்டதுதான். ஒன்பது வயது, இங்கேயே பிறந்தவள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். பள்ளி விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் பயந்து உட்கார்ந்திருந்தாள். தெம்பு ஊட்டலாம் என்று, மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் நான் முதல் பரிசு வாங்கிய கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இதுவும் அந்த கேம் மாதிரியா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். பெற்ற பிள்ளை என் வாயிலிருந்து வருவதை எல்லாம் சந்தேகப்பட ஆரம்பித்தால் நான் அவளிடம் எதைச் சொல்லி வளர்ப்பது?

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், நகரின் மறுகோடியில் கிளென்ஃபீல்டில், வீட்டுக்காரரோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் பார்பிக்யூ. பினாங்குச் சீனர், என் நாட்டுக்காரர்தான். பழைய கன்சோல்களைச் சேர்ப்பதில் பைத்தியம், காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜ் முழுக்க அலமாரி போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வழக்கமான கேலியை எடுத்துவிட்டார். பினாங்குக்காரர் சிரிக்கவில்லை. அந்த டிஸ்க்கின் அட்டை எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார்.

பத்திரிகையில் வந்த படத்தின் ஜெராக்ஸ் என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். திருட்டு நகல் விற்கும் பசார் மாலாம் வியாபாரிகளிடம் அசல் அட்டை ஏது? வரப்போகிற கேமின் படத்தைப் பத்திரிகையிலிருந்து நகலெடுத்து, கையிலிருக்கிற ஏதோ ஒரு டிஸ்க்குக்குச் சொருகிவிடுவார்களாம். அவரே கார் பந்தயம் என்று வாங்கிப் போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தாராம். திரையில் வந்த பெயரோ ஜப்பானிய எழுத்தில். எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருடமாக வேறொரு கேமின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

உள்ளே என்ன இருந்தது, சொல்லுங்கள் என்றார். மஞ்சள் மழைக்கோட்டுப் பெண், கலங்கரை விளக்கம், துடுப்பில்லாத படகு என்றேன். அலமாரியில் தேடி ஒன்றை எடுத்தார். அட்டையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. டிஸ்க்கைப் போட்டார். மூடுபனி. அதற்குள் கலங்கரை விளக்கம்.

"இதுதான்," என்றேன்.

"படத்தை எங்கையாவது பாத்திருப்பீர்," என்றார் வீட்டுக்காரர்.

"அப்படியா? சரி, இப்ப பாருங்க." கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். "மேலேருந்து மூணாவது வரி, சேமிக்கிறது."

பினாங்குக்காரருக்கு, ஜப்பானியத்தில் கலந்து வரும் சீன எழுத்து படிக்க வரும். எட்டிப் பார்த்து, பதிவு என்றுதான் போட்டிருக்கிறது என்றார். கூடவே, கலங்கரை விளக்கத்தின் அடியில் இருக்கும் மதகைத் தன்னால் இன்றுவரை திறக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

"அது ஒண்ணும் கஷ்டம் இல்ல," என்று மகளிடம் சொன்னேன். "எல்லாரும் கதவையே பாப்பாங்க. படகுல நின்னுக்கிட்டு இந்தப் பொத்தானை அமுத்தி எல்லாத்தையும் திருப்பணும். தூணுக்குப் பின்னால ஒரு சங்கிலி இருக்கும் பாரு."

சொல்லிவிட்டேனே தவிர, இருபது வருடத்துக்கு முந்தின ஞாபகம். படகை நிறுத்தினேன். அழுத்தினேன். கடல், கலங்கரை விளக்கம், பனி எல்லாம் மெதுவாகச் சுற்றின. தூணுக்குப் பின்னால் சங்கிலி தொங்கியது.

"தேர் இட் இஸ்," என்று மகள் எழுந்தே நின்றுவிட்டாள்.

மதகு திறந்தது. பினாங்குக்காரர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து குந்தினார். வெளியே கோழி கருகிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆடினேன். அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொன்றாக முன்கூட்டியே சொன்னேன், சொன்னபடியே வந்தது. அன்று என்னைப் பிடிக்க ஆளில்லை.

"ஓம்," என்றார் வீட்டுக்காரர் கடைசியில். "நான்தான் பிழை."

"வெளிய இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

நல்ல மனிதர்தான். கராஜ் வாசலில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகள் பின்னாலிருந்து முன்னே சாய்ந்தாள். "அப்போ அந்த ரேஸ்? ரியலி ஃபர்ஸ்ட்டா வந்தீங்களா?"

அன்றைக்கு நான் என்ன சொன்னாலும் எடுபட்டிருக்கும். வாய்வரை வந்துவிட்டது.

"ரெண்டாவது," என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கை ஒழுங்காகப் பிடிக்கச் சொல்லி நான் அதட்ட வேண்டியிருந்தது. மகள் சிரிக்கவில்லை.

"ஓகே," என்றாள். "ஐ பிலீவ் யூ."