மேலே மட்டும் ஆறிய நெருப்புக் குழம்பு

பெரிய பேரன் பேங்கில் மேனேஜர். சின்னவன் பொத்தேரியில் இன்ஜினியரிங். பேத்தி ஸ்டெல்லா எரிமலை இருக்கிற வெளிநாட்டுத் தீவில் வேலை பார்க்கிறாள். நெருப்புக் குழம்பு எந்தப் பக்கம் ஓடும், எங்கே ஆறி நிற்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வாள்.

இன்றைக்குப் பல்லாவரம் பஸ்ஸில் பக்கத்து சீட் முடிச்சூர் அம்மாவிடம் ஸ்டெல்லா சிரிக்கிற போட்டோவைக் காட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாவே கூப்பிட்டாள். அந்தம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாட்டி, இங்க ஒரு ஊர் வரைக்கும் நெருப்புக் குழம்பு வராதுன்னு நான்தான் கணக்குப் போட்டுக் குடுத்தேன். மேல ஆறி ஓடு கட்டிடுச்சு. உள்ள ஆறவே இல்ல பாட்டி. ஓட்டுக்கு அடியிலயே ஓடி ஊருக்குள்ள வந்துடுச்சு. என்னை நம்பி வீட்டுலயே இருந்த ரெண்டு பேர் செத்துட்டாங்க."

அழுதாள். பஸ்ஸே கேட்டது. பதட்டத்தில் எனக்கு ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியவில்லை.

அவள் போனை வைத்ததும் முடிச்சூர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "வெள்ளத்தப்போ எங்க தெருவுக்கும் தண்ணி வராதுன்னுதான் சொன்னாங்கக்கா. சொன்னவங்க ஒருத்தரும் அழல."

அந்தம்மா சொன்னதை ஸ்டெல்லாவிடம் சொல்லலாமா, கூடாதா? இந்தப் பதிவைப் படித்தவர்கள் கீழே எழுதுங்கள். ‘சூப்பர் பாட்டி’ என்று மட்டும் யாரும் போடாதீர்கள்.

ஸ்டெல்லா, நீயும் இதைப் படிப்பாய் என்று இப்போதுதான் உறைக்கிறது. புதுசாக ஒரு போட்டோ போடும்மா. சிரிக்க வேண்டாம்.