கண் பார்க்காத கையெழுத்து

இந்த அமெரிக்கச் சிற்றூரில் ஆணியும் பெயின்டும் விற்கிற கடையிலேயே துப்பாக்கியும் விற்கிறார்கள். குழாய்க்கு வாஷர் வாங்க மகனோடு போயிருந்தேன். தடித்த கண்ணாடி போட்ட கிழவர் ஒருவர் ஒரு படிவத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, தடவித் தடவிக் கையெழுத்திட்டார். கடைக்காரர் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார்.

“இவருக்கு ஆரு சான்று குடுக்கறது?” என்றேன் மகனிடம்.

“அவரேதானுங்கப்பா. கேள்விக்கெல்லாம் டிக் போட்டாப் போதும்.”

நம் ஊரில் அப்படியில்லை. சேவூர்ப் பக்கம் நான் கிராம அதிகாரியான மணியக்காரனாக இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பயிர்க்காவல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமானால் மணியக்காரன் ஆளையும் துப்பாக்கியையும் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். என் அக்காளின் கணவர் காகிதத்தை நீட்டியது விருந்து இலைக்கு முன்னால். சற்றுமுன் அவர் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கையால் துழாவியதைப் பார்த்திருந்தேன். “மச்சான், கண்ணு எப்படீங்க இருக்குது?” என்று இழுத்தேன். “ஏனுங் மாப்பளே, எம்பட கண்ணுல வெளக்குப் புடிச்சுப் பாக்கோணுமாக்கும்?” பந்தியே சிரித்தது. பெண் கொடுத்த வீட்டில், சம்பந்திகள் முன்னால் அதற்குமேல் கேட்க எனக்கு நா எழவில்லை. கை கழுவிய ஈரத்தோடு கையெழுத்திட்டேன்.

அந்த மார்கழியில், விடிகிற நேரம், கடலைக்காட்டில் பன்றி என்று நினைத்து மச்சான் சுட்டார். விழுந்தது அதே ஊர்ப் பழனான்; அங்கேயே உயிர் போயிற்று. கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு முதல் பஸ் பிடிக்கக் குறுக்கே போனவன். விசாரணையன்று அவன் மனைவி என்னிடம்தான் வந்தாள். “ஏனுங் சாமி, கண்ணு தெரியாதவருக்குத் துப்பாக்கி வெச்சுக்கலாம்னு ஆருங்க எழுதிக் குடுத்தது?”

“தாலூகா ஆபீஸுல,” என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

துப்பாக்கியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பன்றி புகுந்த கடலைக்காட்டுக்காரனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனால் கொடுப்பதற்குமுன் ஒருவன் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். சொந்தக்காரன் பார்க்கக் கூடாது. இங்கே அந்தச் சட்டம் இல்லை. அங்கே இருந்தது; நான்தான் அதை வெறுங்காகிதமாக்கினேன்.

கடைக்காரரிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன், “இவருடைய கண்ணைப் பார்த்தீர்களா?” அவர் என் முகத்தைப் பரிவோடு பார்த்து, “கண் டாக்டரா? மூன்றாவது கட்டடம், சார்,” என்றார்.

இருபது ஆண்டு கழித்து, கேட்க எந்த அதிகாரமும் இல்லாத ஊரில் அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தது. வெளியே கிழவர் காரில் ஏறினார். யாரென்று தெரியாமலேயே என்னை நோக்கிக் கையசைத்தார். நானும் கையை உயர்த்தினேன். அன்று கையெழுத்திட்ட அதே வலது கை.