தமிழில் எழுதிய விலாசம்

பழைய ராஜகுமாரன் கதையை மாற்றி எழுதிய சிறுகதை ஒன்று உங்கள் இதழில் வந்தது. அதில் ராஜகுமாரன் இளவரசியை மணக்காமல் படகுக்காரனோடு போய்விடுகிறான். அடுத்த இதழில் வாசகர்கள் ‘அசிங்கம்’ என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே ஒரு கார்டில், ‘கதை ரொம்பச் சின்னது. ஆனால் என் கதையென்று நான் வாசித்தது இது ஒன்றுதான்’ என்று எழுதி, பெயரும் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அவசரத்தில் விலாசத்தைத் தமிழில் எழுதிவிட்டேன். ஆந்திராவில் இருக்கும் எங்கள் சித்தூரில் தமிழ் விலாசம் எது வந்தாலும், தமிழ் படிக்கத் தெரியாத தபால்காரர் அதைத் தேவாலயத்து உபதேசியாரிடம்தான் கொண்டுவருவார். அந்த உபதேசியார் என் அப்பா; நாங்கள் நைனா என்போம்.

மறுநாள் காலை தபால்காரர் எங்கள் வாசலில் நின்று, “அரவம் நாகு ராது சார், மீரே சூடண்டி” என்று, தமிழ் தனக்கு வராது, நீங்களே பாருங்கள் எனத் தெலுங்கில் சொல்லி என் கார்டையே நீட்டினார். நைனா இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை எடுத்து, விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதி, கார்டைத் தபால்காரரிடமே கொடுத்தார்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “வெலாசத்த இங்கிலீசுல எழுதுடா. மத்தது நீ எழுதினபடியே போவட்டும்” என்றார்.

இப்போதெல்லாம் விலாசத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். கவர் மட்டும் வாங்குவதில்லை. திறந்த கார்டிலேயே அனுப்புகிறேன்.