அமாவாசைக்குக் கட்டம் இல்லை

அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு அரசாங்கம் எவ்வளவு செலவு செய்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல மூன்று இணையதளங்கள் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து பட்டியல் தயாரிப்பதுதான் காஞ்சிபுரத்தில் என் வேலை. பத்தாவதோடு நின்றவன், கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டேன். ஏதாவது ஒரு படிவத்தில் சிவப்பு எழுத்து வந்து நீங்களும் திண்டாடியிருந்தால், நம்ம ஆள்தான்.

குழந்தை எங்கே?

சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள அரசுக்கு என்ன செலவாகிறது என்பது அவள் கேள்வி. முட்டை, பருப்பு ஒரு தளத்தில்; கட்டடப் பழுது இன்னொரு தளத்தில்; டீச்சர் சம்பளம் பட்ஜெட் தளத்தில். மூன்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். மதியம்வரை புரட்டினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "முட்டை இருக்குது, ஓடு இருக்குது, சம்பளம் இருக்குது. குழந்தை எந்தப் பக்கத்துல சார்?"

ஒரு ரூபாய் வாடகை

செவிலிமேட்டுப் பக்கம் ஒரு மையம், நெசவாளர் சங்கத்தின் பழைய நூல் கிடங்கில் நடந்தது. சங்கம் வாடகை வாங்கவில்லை. கம்ப்யூட்டரோ வாடகைக் கட்டத்தில் பூஜ்யத்தை ஏற்கவில்லை. ஒன்று என்று போட்டேன், உடனே ஏற்றுக்கொண்டது. மறு வருடம் அந்த மையத்துக்கு முறைப்படி ஒரு ரூபாய் ஒதுக்கப்பட்டு ஆணை வந்தது. அங்கே வேலை பார்த்த திலகா டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "வரட்டும் சார், செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டு மீதிய உங்ககிட்டயே குடுத்துடறேன்."

எண்ணிய நாள்

குழந்தைகள் குறைவாக வரும் மையங்களை மூடி, பக்கத்து மையத்தோடு சேர்க்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு முறை நேரில் போய் எண்ண வேண்டும். தேதி குறித்தவன் நான். முதல் நாளை வைத்து, சரியாக முப்பது நாள் கழித்து அடுத்ததைக் குறித்தேன். வேலை முறையாக இருக்க வேண்டும் அல்லவா! திலகா டீச்சரின் மையத்தில் இரண்டு முறையும் நான்கே குழந்தைகள். மூட வேண்டிய பட்டியலில் அது ஏறிவிட்டது. பக்கத்து மையம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

மறுநாள் லோகநாயகி என்ற நெசவுக்காரப் பெண் இடுப்பில் மகனோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "ரெண்டு வாட்டியும் அமாவாசைல வந்து எண்ணிட்டுப் போயிருக்கீங்களே சார்! அன்னைக்கு ஊர்ல எந்தத் தறி ஓடுது? நாங்க வீட்ல சும்மா இருக்கும்போது புள்ளைய எதுக்கு அங்க உடறோம்? லாரி போற ரோட்ட இவன் தாண்டணுமா? இல்ல, நான் தறிய உட்டுட்டு இவனப் பாத்துக்கினு குந்தணுமா?"

நான் மாகறல் விவசாயி மகன். தறியில் உட்கார்ந்தவள் என் மனைவி. அவள் இருந்தவரை அமாவாசையை நினைவு வைத்துக்கொள்ளும் வேலை எனக்கு இருந்ததில்லை.

தவறு என்னுடையது என்று எழுதி, மறு எண்ணிக்கை கேட்டேன். காரணம் குறிக்கும் கட்டத்தில் மழை, பண்டிகை, தொற்றுநோய் மூன்றுதான் இருந்தன. எங்கள் அதிகாரி அம்மா யோசித்துவிட்டு, "பண்டிகைன்னு போடுங்க, மாசாமாசம் வருதுன்னு யார் பாக்கப் போறாங்க" என்றார். அடுத்த வாரம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போனோம். இருபத்திரண்டு குழந்தைகள். பட்டியலிலிருந்து மையத்தின் பெயர் நீங்கியது. வாசலில் மகனை விட்டுவிட்டுத் தறிக்கு ஓடிக்கொண்டிருந்த லோகநாயகி திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வாட்டி தேதி வெக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு சார்."

கம்ப்யூட்டர் ஓரத்தில் மூன்று அரசுத் தளங்களின் கடவுச்சொற்களுக்குக் கீழே அவருடைய போன் எண்ணையும் எழுதி ஒட்டிவைத்தேன். நான்கில் கேட்டவுடன் சரியான பதில் வந்தது அந்த ஒன்றிலிருந்துதான்.