புங்கந்தழைக் கட்டு

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த வருஷம் அது. மணலூர்பேட்டை ரோட்டில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. எனக்கோ வேறு கவலை. நடவுக்கு முன்னால் தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதிருக்க வேண்டும். செய்யவில்லை. மழை இல்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் சோம்பேறித்தனம். இப்போது வெறும் சேற்றில் நடுவதா?

ரோட்டில் கிடந்த மரங்களின் தழையைப் பார்த்ததும் புத்தி வேலை செய்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். எங்கள் நிலத்தில் கூலிக்கு வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போய், கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து சேற்றில் மிதித்தோம். என் ஒரு காணியில் முக்கால் பங்குக்குத்தான் வந்தது. மீதிக்காக, ரோட்டோரம் நன்றாக நின்றிருந்த புங்கமரம் ஒன்றை நானே வெட்டினேன்.

"வாணாங்க, கவுருமெண்டு மரம்," என்றார் அவர்.

"ஊரே வெட்டுது. நாம ஒண்ணு வெட்னா இன்னா ஆயிடும்? தூக்குங்க," என்றேன்.

கடைசிக் கட்டைத் தலையில் வைத்து அவர் வரும்போது போலீஸ் ஜீப் வந்துவிட்டது. நான் முழங்கால் சேற்றில் நின்று தழை மிதித்துக்கொண்டிருந்தேன். அவரை ஏற்றும்போது என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். என்னைக் கைகாட்டிக் கொடுக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, மிதித்த இடத்தையே திரும்ப மிதித்தேன்.

சாயங்காலம் அவர் மனைவி ஓடிவந்தார்.

"நீங்க வெட்ன மரந்தானங்க அது? ஸ்டேஷனாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"நாத்து முத்திப் போவுதும்மா. நட்டுட்டு வந்துர்றேன்."

அடப்பாவி! இதைச் சொன்னது என் வாய்தான். நட்டேன். ஆனால் போகவில்லை. போனால் என்னையும் உள்ளே தள்ளுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நாற்றைச் சாக்கு சொன்னேன், அவ்வளவுதான்.

இருபது நாள் கழித்துத்தான் அவரை விட்டார்கள். பாதியாக இளைத்திருந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல வரப்பில் வந்து நின்றார். அவர் காலில் விழுந்திருக்க வேண்டும் நான். "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் பயிரைப் பார்த்தார். கரும்பச்சையாகத் தூர் கட்டி நின்றது.

"தழ நல்லா மக்கிக்கிச்சுங்க," என்றார், மனசார. பிறகு மம்மட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனார்.