கொண்டைக்குள் ஒரு பிடி அரிசி

மெர்லிமாவ் கோயில் மண்டபத்தில் பெற்றோருக்காக ஒரு பேச்சு நடந்தது. என் பிள்ளைகளே பென்ஷன் வாங்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள், எனக்கு அங்கே என்ன வேலை? பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள், பேச்சு முடிந்ததும் சாப்பாடு உண்டு என்றாள், போனேன். பேசியவர் ஒரு இளம் டாக்டரம்மா. பதின்ம வயதுப் பிள்ளைகளின் மூளையைப் பற்றிச் சொன்னார். ஆசையையும் பரபரப்பையும் கிளப்பும் பகுதி சீக்கிரமே விழித்துக்கொள்கிறதாம். இதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வைக்கும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறதாம். அது முழுதாக வளர்வதற்கு இருபது வயதும் தாண்டிவிடுமாம். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்தான காரியம் அந்த வயதில் இன்னும் ருசிக்குமாம்.

என்னைச் சுற்றியிருந்த அம்மாக்கள் தலையாட்டினார்கள். நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் எடுத்தது.

என் பதினைந்து வயது, மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில் கழிந்தது. மெர்லிமாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரே கேட். காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். ஒரு வாய்ச் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. ஆண்களைப் போலீஸ்காரர் பார்த்துக்கொள்வார். பெண்களைச் சோதிக்கத் தோட்டத்திலேயே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். அது என் அம்மா.

அம்மா ரொம்பக் கறார். இடுப்பு, மடி, பால் வாளி, தலைத்துண்டு எல்லாம் பார்ப்பாள். கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள். பிள்ளைத்தாய்ச்சியையும் விடமாட்டாள். அதனால் லயத்துப் பெண்களுக்கு அவள் மேல் எரிச்சல். அந்த எரிச்சலை அவளிடம் காட்ட முடியாமல் என்னிடம் காட்டுவார்கள்.

என்னோடு மரம் வெட்டிய இரண்டு பெண்கள் எனக்குக் கூட்டாளிகள். மூவருக்கும் ஒரே வயது. ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அதில் ஒருத்தி சொன்னாள்.

"உங்கம்மா கையிலேருந்து ஒண்ணும் தப்பாதுலா. நீ ஒரு பிடி அரிசி கொண்டாந்து காட்டு பாப்போம்."

"கொண்டாந்தா?"

"கொண்டாந்தா நீதான் எங்களுக்குத் துரை."

இவ்வளவுதான் பேச்சு. அந்த அரிசியை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, தின்னப் போவதும் இல்லை. பிடிபட்டால் ஜெயில் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். லயத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தெரிந்தது ஒரு பக்கம் கிடந்தது, நான் ஒரு பக்கம் போனேன். மறுநாள் விடியலில் ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து, கொண்டைக்குள் வைத்துச் சுருட்டி, மேலே துண்டைக் கட்டிக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் இல்லை, சந்தோஷம். அதை இப்போதும் மறைக்க மாட்டேன்.

கேட்டில் என் முறை வந்தது. பின்னால் கூட்டாளிகள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா இடுப்பைத் தடவினாள், வாளியைப் பார்த்தாள், துண்டுக்கு மேலே கொண்டையில் கை வைத்தாள். பிறகு, "போ" என்றாள்.

மரங்களுக்குள் போகும்வரை பொறுத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. என்னால் பத்தடி பொறுக்க முடியவில்லை. கூட்டாளிகள் வெளியே வந்ததும் துண்டை அவிழ்த்து, முடிச்சை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே ஆட்டினேன். கேட்டில் நின்ற போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

அவர் முடிச்சைப் பிரித்து மண்ணில் கொட்டினார். அரிசி யாருடையது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் முடிஞ்சு வெச்சேன்."

அம்மா இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவை லாரியில் ஏற்றினார்கள். அவள் ஏறும்போது சேலை கம்பியில் மாட்டிக்கொண்டது, அதை அவளே எடுத்துவிட்டுக்கொண்டாள். எனக்குள் ஒன்றும் ஓடவில்லை. இன்றைக்கு என் மரங்களுக்கு நேரமாகிவிட்டதே என்று மட்டும் நினைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எட்டு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். ஊரையே சோதித்தவள் தானே காட்டுக்கு அரிசி அனுப்பினாள் என்று லயத்தில் பேசிச் சிரித்தார்கள். அப்பா யாரோடும் பேசாமல் வேலைக்குப் போய் வந்தார். அவரும் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நான் அவரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. கூட்டாளிகளும் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் அதன்பிறகு சேர்ந்து உட்காரவே இல்லை. நான் சமைத்தேன், துவைத்தேன், மரம் வெட்டினேன். உடம்பு மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இரண்டொரு முறை அம்மாவை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அம்மா ஒரு மத்தியானம் திரும்பி வந்தாள். இளைத்திருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குளித்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அப்பா வேலையிலிருந்து வரவில்லை. நாங்கள் இருவர்தான்.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"தெரியலம்மா."

அது பொய் இல்லை. அந்த டாக்டரம்மா சொல்லும்வரை எனக்கு அதற்கு வேறு பதிலே தெரியாது. அறை விழும் என்று காத்திருந்தேன், விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டையில கை பட்டதுமே தெரிஞ்சிருச்சு, அரிசின்னு."

என் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

"அப்பவே எடுத்திருக்கலாமேம்மா."

"எடுத்திருக்கலாம். உன் கூட்டாளிங்க பின்னால நின்னாங்க. நீ வேற சிரிச்சிக்கிட்டு நின்ன. அவங்க முன்னால எடுத்தா உன் முகம் வாடிப்போயிருமேன்னு நெனச்சேன்."

அப்போது அம்மாவுக்கு முப்பத்தாறு வயது. யோசிக்க வேண்டிய பகுதியெல்லாம் அவளுக்கு எப்போதோ வளர்ந்து முடிந்திருக்கும். என் முகம் வாடக் கூடாது என்பதற்கு எட்டு மாதம். அதைக் கேட்டபோதாவது நான் அழுதிருக்க வேண்டும். அழுகை அன்றைக்கும் வரவில்லை, அவளைக் கொண்டுபோய் எரித்த அன்றைக்கும் வரவில்லை.