வாசலில் முளைத்த கல்

எங்கள் ஊரில் இன்றைக்குக் கல்லாக இருப்பது நாளைக்கும் கல்லாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கொஞ்சம் உருண்டையாக இருந்து, கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றுவிட்டால் போதும், விடிவதற்குள் யாராவது விபூதி பூசியிருப்பார்கள். திருவண்ணாமலையிலேயே பிறந்து தலை நரைத்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் என் வாசலைத் தோண்டக் கொடுத்தேன்.

காரணம் அத்தை, அதாவது என் மனைவியின் அம்மா. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். மேடு பள்ளத்தில் கால் வைக்கவே கூடாது, கார் வீட்டுப் படி வரைக்கும் போகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் கேட்டிலிருந்து படி வரைக்கும் இருந்தது மேடும் பள்ளமும் மட்டும்தான். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை பௌர்ணமி. எங்கள் தெரு கிரிவலப் பாதையில் போய் முட்டுகிறது. பௌர்ணமிக்கு போலீஸ் தடுப்பு வைத்துவிட்டால் கார் என்ன, சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டு வர முடியாது. அதனால் வியாழக்கிழமைக்குள் வாசலில் பாதை போட்டாகவேண்டும்.

"இல்லன்னா எங்கம்மாவை கேட்லேர்ந்து தூக்கிட்டு வருவீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

என் இடுப்பையும் அத்தையின் ஆகிருதியையும் ஒருசேர நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே காண்ட்ராக்டரைப் பிடித்தேன்.

வந்தவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, பாக்கெட்டில் இரண்டு போன். நான் சுபாவத்திலேயே சந்தேகப் பிராணி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இழுத்ததில் திறந்துகொண்டுவிட்டதோ என்று மறுபடி இழுப்பேன். இவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது, அவர் எதையுமே மறுக்காததால்.

"பேவர் பிளாக் போடலாமா?"

"போட்டுடலாம் சார்."

"மழைத் தண்ணி தெருப் பக்கம் ஓடணும்."

"ஓடிடும் சார்."

"வியாழக்கிழமைக்குள்ள முடியணும்."

"முடிஞ்சிடும் சார். புதன்கிழமை ராத்திரி நீங்க அது மேல பாய் போட்டுப் படுக்கலாம்."

இவ்வளவு இணக்கமான மனுஷன் மகானாக இருக்கவேண்டும், இல்லை என்றால் வேறு ஏதோவாக இருக்கவேண்டும். மகான்கள் எங்கள் ஊரில் ஏற்கெனவே ஜாஸ்தி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து கேட்டிலிருந்து படி வரை தோண்டிப்போட்டார்கள். மேடு பள்ளத்தில் மேடு போய், பள்ளம் மட்டும் மிஞ்சியது. திங்கட்கிழமை காலையில் கடப்பாரை ஒரு இடத்தில் 'ணங்' என்றது. மண்ணை விலக்கினால் கருங்கல். வழவழவென்று, உருண்டைத் தலையோடு, பள்ளத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது. கடப்பாரையைப் பிடித்திருந்தவர் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

கல்லைப் பார்த்து நான் பயப்படவில்லை. செருப்பு கழன்றதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

காண்ட்ராக்டர் குனிந்து ஈரத்துணியால் துடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சார், இது சும்மா கல்லு இல்ல."

"பின்ன?"

"என் வாயால நான் சொல்லக்கூடாது."

அவர் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா சொம்புத் தண்ணீரும் செம்பருத்தியுமாக வந்துவிட்டார். விபூதி வந்தது, கற்பூரம் வந்தது. "குடுத்து வெச்சவங்கப்பா நீங்க. வாசல்லயே சுயம்பு" என்றார் அக்கா, அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"ஆளுங்க இனிமே கடப்பாரை எடுக்கமாட்டாங்க சார், பயப்படறாங்க. பௌர்ணமி கழியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டர் ஆட்களோடு கிளம்பினார். மண்வெட்டி, சட்டி, ரசமட்டம் எல்லாம் ஒன்று விடாமல் வண்டியில் ஏறின. சாமிக்குப் பயந்து ஓடுகிறவன் சாமான்களை இவ்வளவு பொறுமையாகச் சரிபார்த்தா ஏற்றுவான்?

சாயங்காலத்துக்குள் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனார். வெள்ளை உடுத்திய வெளிநாட்டுத் தம்பதி ஒன்று பாதைக்காக இறக்கியிருந்த எம்-சாண்ட் மணல் குவியல் மேல் ஏறிக் கண்மூடி உட்கார்ந்தது. எனக்கோ மனசுக்குள் வேறு படம் ஓடியது. பௌர்ணமிக் கூட்டம் ஒருதரம் பார்த்துவிட்டால் போதும். கேட்டில் உண்டியல். வராந்தாவில் புளியோதரை. நான் என் படுக்கையறைக்கு வரிசையில் நின்று போகவேண்டும். அத்தை வேலூரிலேயே தங்கிவிடுவார். மனைவியும் அங்கேயே போய்விடுவாள். நான் இங்கே தட்டில் விழும் சில்லறையைக் காவல் காத்துக்கொண்டு பூசாரியாகக் காலம் தள்ளவேண்டியதுதான்.

இந்த யோசனையில் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கியது. கல்லை வைத்ததே அந்தக் காண்ட்ராக்டர்தான்.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் துப்புத் துலக்கப் போனேன். ஆசிரமத்தைத் தாண்டி ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில், அதே ஆட்கள், அதே கடப்பாரை. டீக்கடை பேனருக்குப் பின்னால் ஒளிந்து நோட்டம் பார்த்தேன். என் தொப்பை பேனரைவிட அகலம் என்பதை மறந்துவிட்டேன்.

"சார், அங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க, இப்படி வாங்க" என்றார் காண்ட்ராக்டர். "மாஸ்டர், சாருக்கு சக்கரை கம்மியா ஒரு டீ."

எனக்குச் சக்கரை கம்மியாக வேண்டும் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

"இங்க மட்டும் கடப்பாரை எடுக்கறாங்களே?"

"இங்க சாமி வரலையே சார்."

"கல்லை நீங்கதான கொண்டாந்து வெச்சீங்க?"

அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ரெண்டு எடத்துல வேலை ஓடுது, அது நெஜம். உங்க வீட்ல கல்லு கெளம்பினதும் நல்லதாப் போச்சுன்னு இங்க வந்துட்டேன், அதுவும் நெஜம். அதுக்காக சாமியை நான் தூக்கினு வந்து பொதைப்பனா?"

பாதிக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனிடம் மீதியை எப்படி வாங்குவது என்று தெரியாமல் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். "ஏங்க, சத்தம் போடாம கொஞ்சம் பின்பக்கம் வாங்க."

கொல்லையில் எங்கள் பழைய ஆட்டுக்கல் கிடக்கிறது. கரண்டு கிரைண்டர் வந்த பிறகு அதன் குழியில் காக்கைக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். "இதோட குழவி எங்க?" என்றாள் மனைவி.

பல வருஷங்களுக்கு முன்னால் சமையல்கட்டை இடித்துக் கட்டியபோது, இடிசலையெல்லாம் வாசல் பள்ளத்தில்தான் கொட்டினோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கல்லுக்கு எதிர்வீட்டு அக்கா காவல். "சாமிக்கு எண்ணெய்க் காப்பு போடணும்க்கா, இங்க எல்லாரும் பாக்கற எடத்துல வேணாம், பின்பக்கம் வெச்சுப் போடலாம்" என்று அளந்தேன். அவரை அங்கேயே நிற்கவைப்பதுதான் என் திட்டம். அவரோ "ஒத்தையாத் தூக்காதீங்க" என்று மறுபக்கம் கை கொடுத்துவிட்டார்.

தூக்கியதும் அடிப்பக்கம் தெரிந்தது. கைப்பிடிக் கட்டை செருகுகிற குழி. குழவி தலைகீழாகப் புதைந்திருக்கிறது. நாங்கள் தலை என்று கும்பிட்டதெல்லாம் மாவாட்டுகிற அடிப்பாகம். திருப்பி ஆட்டுக்கல்லில் இறக்கினோம். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி அச்சாக உட்கார்ந்தது.

எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களாக்கா? குழவி."

அக்கா நன்றாகவே பார்த்தார். "ஆமா, குழவிதான்." பிறகு சரிந்திருந்த செம்பருத்தியை எடுத்துச் சரியாக வைத்தார். "அதுக்கு இப்ப இன்னா? கற்பூரம் காட்டியாச்சு. இனிமே இதுல மாவாட்டுவீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். தைரியமாக ஆட்டுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். கேட்டுக்குப் பக்கத்தில், மதில் ஓரமாக, வண்டிக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில் சாமியை வைப்பது. வைத்தோம். உடனே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன்.

"சாமி எடம் மாறிடுச்சு. ஆளுங்களை அனுப்புங்க."

"அவங்க இங்க மாட்டினு இருக்காங்களே சார்..."

"அனுப்பலைன்னா பரவால்ல. அது எங்க வீட்டுக் குழவி. மாவாட்டற குழவிக்குப் பயந்து ஓடின காண்ட்ராக்டர்னு செங்கம் ரோடு முழுக்க நானே டீ குடிச்சினே சொல்லிட்டு வர்றேன்."

போனில் அவர் ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வந்துடுவாங்க சார்" என்றார். முதல் தடவையாக அந்தக் குரலில் உறுதி இருந்ததாகப் பட்டது. அதையும் சந்தேகப்பட்டேன். ஆனால் வந்தார்கள், அவரும் கூடவே வந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம், பேவர் பிளாக் கற்களின் இடுக்கில் மணல் கூட்டிக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது. ஆட்கள் ஒதுங்கினார்கள். அது குலுங்காமல் படி வரைக்கும் போய் நின்றபோது, நான் மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன்.

அத்தை வாக்கரை ஊன்றி இறங்கினார். காலுக்குக் கீழே சமதளம். என்னைப் பார்த்து, "நல்லா போட்டிருக்கீங்க மாப்ளை" என்றார். அப்புறம் அவர் பார்வை கேட் மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. அந்த ஆட்டுக்கல்லும் குழவியும் எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சீர்.

"இந்த சாமியை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார்.

நானும் மனைவியும் ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்த்தோம். எதிர்வீட்டு அக்கா தட்டோடு வந்து கற்பூரம் ஏற்றினார். அத்தை கண்ணை மூடிக் கைகூப்ப, எல்லோரும் கைகூப்பினோம். காண்ட்ராக்டரும் பக்திப் பரவசமாகத்தான் நின்றார். ஆனால் ஒரு கண்ணை லேசாகத் திறந்து, அது குழவி என்று சொல்லிவிடப் போகிறேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.